சக்கை கொட்டப் போகிற வழி

கணவர் இறந்த பிறகு, மனசு ஆறும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவர் தன் தம்பி வீட்டுக்கு வந்தார். அதற்குள் அவர் குடியிருந்த வாடகை வீட்டைத் தம்பி காலிசெய்துவிட்டான். "தனியா இருந்து என்னக்கா பண்ணப் போற? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். பாசத்தில் சொன்னதுதான். அதை எதிர்த்து என்ன பேசுவது? தம்பியின் மூன்றாவது மாடி வீட்டிலேயே தங்கிப்போனார். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் மாடி அக்கா ஆனார்.

சமையலைத் தம்பி மனைவி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் அவள் போடும் டீயைக் குடித்தால், உட்கார்ந்து பேச வந்தவர்கள்கூட எழுந்து போய்விடுவார்கள். அதனால் டீ மட்டும் மாடி அக்காவின் பொறுப்பானது. தூள் தொடமாட்டார், இலைத் தேயிலைதான். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு மூடிவைப்பார். சுருண்ட இலை விரிந்து அடியில் இறங்கும்வரை கரண்டி படக்கூடாது. வடிகட்டும்போது பிழியவும் கூடாது, கசந்துவிடும். பாலைக் கடைசியில் அவரவர் கோப்பையில் ஊற்றுவார்.

ஆரம்பத்தில் சக்கையை சிங்க்கிலேயே அலசிவிட்டார். ஒருநாள் குழாய் அடைத்துக்கொண்டு கீழ்வீட்டுச் சமையலறையில் தண்ணீர் பொங்கியது. குழாய் ரிப்பேர்க்காரர் கறுப்பாக ஒரு உருண்டையை இழுத்துப் போட்டு, "இனி இதைக் கீழ கொண்டுபோய்க் கொட்டுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார்.

அப்படித்தான் தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் ஒரு நடை கிடைத்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். கீழே இறங்கினால் காற்று, ஆட்கள், சத்தம். சீக்கிரமே அவர், "இன்னொரு டீ போடட்டுமாடா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

"இப்பத்தானேக்கா குடிச்சேன்?"

"அது ஆறிப்போன டீடா."

குப்பைத்தொட்டிக்கு எதிரே தையல் கடை. அங்கிருந்த தையல்காரம்மா ஒருநாள், "அதைக் கொட்டாதீங்கக்கா, என் ரோஜாச் செடிக்குக் குடுங்க" என்று வாங்கி மண்ணோடு கிளறிவிட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேச்சோடு பேச்சாக மாடி அக்கா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். "கை என்னமா ஓடுது உங்களுக்கு! தினமும் வாங்களேன்" என்றார் தையல்காரம்மா. சக்கையோடு போனவர் திரும்ப ஒரு மணி நேரம் ஆகத் தொடங்கியது.

அது தம்பியின் கண்ணில் வேறுமாதிரி பட்டது. ஒரு சாயங்காலம் பெரிய பையோடு வந்தான். உள்ளே டீ பேக் டப்பாக்கள், சக்கையைப் பால்கனியிலேயே போட்டு மக்கவைக்க மூடிபோட்ட உரத்தொட்டி ஒன்று.

"முட்டிவலியோட நீ மூணு மாடி ஏறி இறங்குறதப் பார்க்கவே மனசு கேக்கலக்கா. இனிமே இந்த வேலையே வேணாம்."

"அண்ணிக்கு இனி ரெஸ்ட்தான்" என்றாள் தம்பி மனைவி, உண்மையான சந்தோஷத்தோடு.

மாடி அக்கா சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது? அதன்பின் நூலைப் பிடித்துப் பையை முக்கி எடுப்பதோடு டீ முடிந்தது. மிச்சப் பொழுது முழுவதும் அவர்மேல் பாரமாக உட்கார்ந்தது. பால்கனியில் நின்றால் தையல் கடையின் கூரை மட்டும் தெரியும்.

ஒருநாள் துணிந்து கேட்டார். "தம்பி, நான் தையல் கடைக்குப் போய் வரட்டுமாடா?"

அவன் முகம் சுண்டிப்போனது. "பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? உனக்கு இங்க என்னக்கா குறை?"

குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவரை இறுக்கியது. சண்டைக்காரத் தம்பியாக இருந்திருந்தால் என்றோ வாயைத் திறந்திருப்பார்.

சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், செருப்பை மாட்டினார்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க? கையில ஒண்ணையும் காணோம்?"

"கீழ."

"எதுக்கு?"

"சும்மாதான்."

எதையோ திருடிக்கொண்டு போகிறவர்போலச் சத்தமில்லாமல் படியில் கால் வைத்தார். முதல் மாடி வளைவில் திரும்பிவிடலாமா என்று நின்றார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். அன்று ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்தார். தம்பி அன்று சாயங்காலம் டீயைத் தொடவில்லை.

இப்போதும் அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மத்தியானம் ஆனால் வாசலில் அதே கேள்விகள் வரும். பல நாள் பதில் சொல்லிவிட்டு இறங்கிப்போவார். தம்பி வீட்டில் இருக்கிற நாளில், அவன் முகத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு மாட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.