விருந்து முடிந்தது, விசா வரவில்லை

1. செலக்டட்

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஏலக்காய் பறிக்கும் பெண்களை மலைக்கு ஏற்றுவது, சாயங்காலம் இறக்குவது, நடுவில் மூட்டை லோடு. ஹெவி லைசென்சும் வைத்திருந்தேன்.

வளைகுடா வேலைக்கு மெட்ராஸில் இன்டர்வியூ. ஒரு லாரியைக் கொடுத்து, ரிவர்ஸில் குறுகிய சந்துக்குள் விடச் சொன்னார்கள். போடிமெட்டு மலைப்பாதை வளைவில் எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸிலேயே போய் வழிவிடுகிறவனுக்கு அது ஒரு வேலையா? செலக்ட் ஆகிவிட்டேன்.

"மெடிக்கலும் முடிஞ்சிருச்சு. விசா பதினஞ்சு நாள்ல வந்துரும், பெட்டியக் கட்டிக்கப்பா" என்றார் ஏஜென்ட்.

பெட்டியை மட்டுமா கட்டினேன்? முதலாளியிடம் ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர் சிலமலையில் வெளிநாடு போகிறவனுக்குச் சொந்தபந்தமெல்லாம் வீட்டுக்கு வீடு விருந்து வைப்பார்கள். ஒரு வீடு விடாமல் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டேன். திருநீறு பூசி வழியனுப்பியும் வைத்துவிட்டார்கள்.

2. பெண்டிங்

பதினைந்து நாள் பல மாதங்களாகிவிட்டது. டிரங்கால் போட்டால், "எம்பசியில பெண்டிங்குப்பா, வரும்" என்ற ஒரே பதில்தான். என் ஜீப்பில் வேறு டிரைவர் உட்கார்ந்துவிட்டான்.

டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. "என்ன மாப்ளே, பிளேனு பஞ்சராகிப் போச்சா?" என்பார் விருந்து வைத்த பெரிய மாமா. கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தின்ற கோழியெல்லாம் வயிற்றுக்குள் கூவும்.

ஒரு நாள் மனைவி முத்துலட்சுமியிடம், "விசா வந்ததும் இறங்கி வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டப் போய்விட்டேன். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

சம்பளத்தைப் பறிப்புக்கு வரும் பெண்களிடம் கொடுத்து அனுப்புவேன். நான் இறங்கவில்லை. விசா இல்லாமல் ஊருக்குள் எந்த முகத்தோடு போவது? லோடு இறக்கிவிட்டு மெட்டில் வண்டியை ஓரங்கட்டி, கீழே புகைமூட்டத்தில் தெரியும் தோப்புகளில் எது எங்கள் ஊர் என்று தேடுவேன். மழைக்காலத்தில் அதுவும் தெரியாது.

3. பறிப்பு ஜீப்

ஒரு நாள் காலை, பறிப்புப் பெண்களை ஏற்றிவந்த ஜீப்பிலிருந்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துலட்சுமி இறங்கினாள்.

"நீ எங்க இங்க வந்த?"

"துபாய்க்குப் போனவுக கூட ரெண்டு வருசத்துல ஊருக்கு வந்துர்றாக. இந்தா இருக்கற மெட்டுல இருந்து உங்களால வர முடியலையா?"

அவள் மகளைக் கீழே இறக்கிவிட்டாள். பிள்ளை நடந்தது. நன்றாகவே நடந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அதே ஜீப்பில் அவர்களோடு இறங்கினேன். பழைய முதலாளியிடமே மாற்று டிரைவராகச் சேர்ந்தேன். பெரிய மாமா கேலியை விடவில்லை. ஆனால் நான் வீட்டில் இருந்தேன். மகள் மெல்ல மெல்ல மடியில் வந்து உட்காரத் தொடங்கியபோது ஏஜென்டின் தந்தி வந்தது. விசா ரெடி. இந்த முறை யார் வீட்டு விருந்துக்கும் போகாமல் பஸ் ஏறினேன்.

4. காத்திருக்கும் தம்பிகளுக்கு

பாஸ்போர்ட்டில் விசா குத்தும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். இன்டர்வியூவில் செலக்ட் ஆனதை ஊருக்குச் சொல்லாதீர்கள். அப்படியும் சொல்லி, விசாவும் இழுத்தடித்தால், கேலிக்குப் பயந்து எங்கும் ஓடாதீர்கள்.

பாலைவனத்தில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டினேன். வீட்டை நினைத்து அழாத வாரம் இல்லை. அந்தப் பிரிவுக்காவது ஒரு காரணம் இருந்தது, கையில் சம்பளம் இருந்தது. என் மகள் முதல் அடி எடுத்து வைத்த அன்று நான் துபாயில் இல்லை. ஜீப்பில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருந்தேன்.