தட்டிப் பார்க்கிற மேர்சி

மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்தால் மேர்சிக்கு அத்தோடு வேலை முடியாது. விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். ஆடி நின்றால்தான் கையை எடுப்பாள். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினாலும் அதே தட்டுத்தான். "நிண்டாப் போதுமா? தட்டினாத் திரும்பி வரணும்" என்பாள்.

தொழில் கொடுத்த வியாதி. பல்கலைக்கழக இரசாயனப் பகுதியில் பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. ஒரு மூலக்கூறு எந்த வடிவத்தில் ஆகக் குறைந்த சக்தியோடு இருக்கும் என்று கணினியில் தேடுவாள். கணினி ஒரு வடிவத்தில் நின்று, முடிந்தது என்று சொல்லும். நம்பக்கூடாது. உருட்டிவிட்ட பந்துபோல அது பள்ளத்தின் அடியிலும் நிற்கலாம், வயல் வரம்பு தேய்ந்து தாழ்ந்த இடத்திலும் நிற்கலாம். அங்கே பக்கவாட்டில் தொட்டால் வயலுக்குள் உருண்டுவிடும். அதிர்வுக் கணக்கு, அதாவது அந்த வடிவத்தைத் தட்டிப் பார்க்கிற கணக்கு, ஓட்டினால் குட்டு வெளிப்படும்: ஏதாவது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அது பள்ளம் இல்லை.

அந்தக் காலத்தில் பகுதிக்கே ஒரு கணினி. மேர்சியும் கூட வேலை செய்த தோமஸும் அதன் பக்க மூடியைக் கழற்றி, இருந்த ஒரே மின்விசிறியை அதற்குத் திருப்பிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பாணும் சம்பலும் தின்றபடி காத்திருப்பார்கள். என்ன சிரிப்பு, என்ன சண்டை. தோமஸ் இப்போது வாகரையில் வாத்தியார். அன்று இருவரும் எழுதிய ஒரு கட்டுரைதான் மேர்சியின் நிரந்தர நியமனத்துக்குக் கையிலுள்ள ஒரே துருப்புச் சீட்டு. நேர்முகம் திங்கட்கிழமை.

அதற்காகப் பழைய கோப்புகளைக் கிளறியபோதுதான் கண்டாள்: கட்டுரையின் கடைசி மூலக்கூறுக்கு அதிர்வுக் கணக்கே இல்லை. அன்று கரண்ட் போனது. வந்தபின் கட்டுரை அனுப்பும் அவசரம். இப்போது ஓட்டினாள். ஒரு கழித்தல் குறி. அன்று இருவரும் அதைப் பலகை மாதிரித் தட்டையாக வரைந்து கொடுத்திருந்தார்கள். கணினியும் தட்டையாகவே வைத்து முடித்திருந்தது. நடு அணுவை மயிரிழை தூக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். குடைபோல் கவிழ்ந்து, சக்தி குறைந்து கீழே இறங்கிவிட்டது. அச்சில் போனது பிழை.

விஷயம் கேட்டு, சனிக்கிழமை தோமஸ் பஸ் ஏறி வந்தான்.

"இத்தின வருசமா ஒருத்தரும் கேக்கல்ல. திங்கள் கழியட்டுமே கா மேர்சி."

"திங்கள் அவங்க அதத்தானே கேப்பாங்க. தட்டை எண்டு சொல்லவா?"

"வேல போனா?"

"தற்காலிகம்தானே தோமஸ். எங்க போறது?"

தோமஸ் சிரித்துவிட்டான். சஞ்சிகைக்கு மேர்சி எழுதி வைத்திருந்த திருத்தக் கடிதத்தின் அடியில் தன் பெயரையும் சேர்த்தான். "சரி, அனுப்பு."

"பொறு. மறுகா ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டு."

புதுக் கணினி, சூடு என்பதே அதற்குத் தெரியாது. கணக்கு ஓடத் தொடங்கியது. மேர்சி எழுந்து, தோமஸின் முகத்துக்கு வீசிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பினாள்.