பேச்சுதான் முதலில் என்று வாதாடிய சகுந்தலா அக்கா

இம்மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு ஐம்பது. லஸ் பக்கத்துப் பூங்காவில் எதிரெதிராகக் கிடக்கும் இரண்டு சிமென்ட் பெஞ்சுகளில் நாங்கள் ஐந்து பேர். அப்போதுதான் என் போனுக்குச் சகுந்தலா அக்காவின் மகள் திவ்யாவிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா விடிகாலைல போயிட்டாங்க. நீங்க எல்லாரும் பார்க்குல இருப்பீங்கன்னு தெரியும். அதான் உங்களுக்கு முதல்ல சொல்றேன்."

சத்தமாக வாசித்தேன். எங்கள் வாதங்களுக்குக் கடிகாரம் பார்ப்பவர் கணபதி மாமா, வங்கியில் ஓய்வு பெற்றவர். "ஏழு மணிக்கு ஆரம்பிக்கணுமோல்லியோ" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அன்று நாங்கள் ஆரம்பிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் ஒருவர்கூடத் தொல்லியல் படித்தவர் இல்லை. நான் அடையாறில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஜல்லியும் கான்கிரீட்டும் சோதிக்கிறவன். அந்தோணி பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கிறார். சகுந்தலா அக்கா கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசியவர். ஞாயிறு காலையில் கூடி, ஆதி மனிதன் எப்போது தீயைப் பிடித்தான், எந்த வழியாக இங்கே வந்தான், நம் ஊருக்கு வெளியே செம்மண் சரளையில் கிடைக்கிற கல் கைக்கோடாரிகளைச் செய்தது எந்த வகை மனிதன் என்று சண்டை போடுவோம். இதனால் அறிவியலுக்கு ஒரு பைசா பயன் இல்லை. அக்காவே அதை ஒப்புக்கொள்வார்.

எங்களிடம் ஒரே ஒரு விதிதான் உருப்படியானது. ஒரு தலைப்பை மூன்று ஞாயிறு அடித்துக்கொண்ட பிறகு பெஞ்சு மாறி உட்கார வேண்டும். இத்தனை நாள் எதை மறுத்தோமோ அதையே தன் கட்சி போலப் பேச வேண்டும். முறை வைத்து, ஒரு ஞாயிறு ஒருவர். பேசி முடித்ததும் எதிராளி, "ஆமாம், இது என் கட்சிதான்" என்று சொன்னால் போதும். ஜெயித்தவர் யார் என்று நாங்கள் அறிவிப்பதே இல்லை. இந்த விதியால் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் நாங்கள்.

அக்கா எங்களிடம் வந்ததே ஒரு கேள்வியோடுதான். நடைப்பயிற்சிக்கு வந்தவர், எங்கள் கூச்சலைக் கேட்டு நின்றார்.

"ஏம்ப்பா, ஒரு விளம்பரத்துக்குக் குகைல இருக்கிற பொம்பளையா உறுமச் சொன்னாங்க. உறுமிட்டு காசு வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு நாளா மனசு கேக்கல. அவ நெஜமாவே உறுமிக்கிட்டா இருந்தா? பேசியிருக்க மாட்டாளா?"

"ஆதாரம் இல்லை" என்றேன்.

"எதுக்கு, பேசினதுக்கா, உறுமினதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப என்னை மட்டும் ஏன் உறுமச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, "தள்ளிக்க" என்று என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

அக்கா கதாநாயகிகளுக்குப் பேசியவர் அல்லர். கூட்டத்துக்குப் பேசியவர். சந்தையில் விலை கேட்கும் குரல், விபத்தில் அலறும் குரல், பக்கத்து வீட்டு அம்மா, தொட்டில் குழந்தை. அவர் பெயர் திரையில் வந்ததில்லை. வாதத்திலும் அப்படித்தான், ஒரே மூச்சில் நான்கு குரலில் பேசுவார். கணபதி மாமா குரலிலேயே மாமாவை மறுப்பார். மாமா சிரித்துவிடுவார். வாதம் அங்கேயே படுத்துவிடும். எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் பெரிய சண்டை, பேச்சு முதலா, கல் முதலா என்பது. கல்லுக்கருவி செய்யப் பேச்சு தேவையில்லை, கையைப் பார்த்துக் கை கற்றுக்கொண்டது, பேச்சு ரொம்பப் பிற்பாடு வந்தது என்பது என் கட்சி. அக்கா விடவில்லை.

"இந்தக் கோணத்துல அடி, அந்த விளிம்பை விடுன்னு வாய்விட்டுச் சொல்லாம எப்படிடா ஒருத்தனுக்குக் கத்துக்குடுப்பே? வண்டலூர் ஜூல குரங்கு பாத்துக்கிட்டேதான் இருக்கு. கோடாரி செஞ்சுதா?"

"கல் கிடைக்குது, எலும்பு கிடைக்குது. பேச்சு கிடைக்கலையே அக்கா. கிடைக்காததை நான் எப்படிக் கணக்குல எடுப்பேன்?"

"நான் பேசின பேச்சுக்கும் எங்கயும் பேரு கிடையாது. அதுக்காக நான் பேசலையா?"

இது வாதமே இல்லை என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மூன்றாவது ஞாயிறு முடிந்தபோது அக்காவின் குரல் கம்மியிருந்தது. தொழிலில் கத்திக் கத்தி வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம், அவரும் நினைத்தார். புற்று என்று தெரிந்தபோது குரல்வளையையே எடுக்க வேண்டியிருந்தது. அவருக்காகத் தலைப்பை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு வேறு சண்டைகள் போட்டுக்கொண்டிருந்தோம். கோடைக்குப் பிறகு ஒரு ஞாயிறு, கழுத்தில் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு வந்தார். முன்போலவே "தள்ளிக்க" என்று கையால் சொன்னார்.

அன்று மாறி உட்கார வேண்டிய முறை அவருடையது. அதாவது என் கட்சியை அவர் எடுத்துப் பேச வேண்டும்.

கணபதி மாமா என்னைத் தனியே அழைத்தார். "அவாளைச் சிரமப்படுத்த வேண்டாம்டா. இந்த முறையை விட்டுடலாம். மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

நான் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அக்கா பேச வேண்டியது என் கட்சி. என் கட்சிக்குப் பேச்சே தேவையில்லை."

அந்தோணி எழுந்துவிட்டார். "இன்னா மச்சி நீ, மன்சனா? வாய் போன அக்காகிட்ட இப்டியா பேசுவ?"

ஆனால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போனார். வாதத்தின்போது உடைத்துக் காட்ட நான் பையில் கொண்டுவரும் கற்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தோணியைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அந்தோணி அதுவரை ஒரு கல்லையும் உடைத்ததில்லை. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார். தவறாக அடித்தபோது புறங்கையில் ஒன்று போட்டார். அடிக்கிற கல்லை அவர் கையிலிருந்து பிடுங்கித் தானே மெதுவாக ஓங்கிக் காட்டினார், திருப்பிக் கொடுத்தார். அந்தோணி, "அக்கா, கை வலிக்குதுக்கா" என்றார். அக்கா அவர் வாயைப் பொத்தினார். கடைசியில் ஒரு சில்லு சுத்தமாகக் கழன்று விழுந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் விளிம்பின் வழியே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

அந்தோணி அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார். மத்தியானம் எனக்குப் போன் செய்தார். "சங்கரா மீனை அறுத்துப் பாத்தேன் மச்சி. கத்தி தோத்துடும். இன்னா ஷார்ப்பு கீது தெரியுமா."

"இது என் கட்சிதான்" என்று அன்றே சொல்லிவிட்டேன். அதைவிடச் சரியாக யாரும் என் கட்சியை எடுத்துச் சொன்னதில்லை, நான் உட்பட.

அக்கா போனில் தட்டிக் காட்டினார். "நான் இதை நம்பலை. ஆனா நல்லா வாதாடினேன்ல?" அடுத்து இன்னொன்று. "அவன் கையைப் பிடிச்சிருந்தப்போ உள்ளுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருந்தேன். இதை உன் லேப்ல எப்படி அளப்பே?"

அடுத்த முறை என்னுடையது. பேச்சுதான் முதலில் என்று நான் பேச வேண்டும். அதற்குள் நோய் திரும்பிவிட்டது.

கோடம்பாக்கம் வீட்டுக்குப் போயிருந்தேன். மெலிந்திருந்தார். திவ்யா தலையணையை நிமிர்த்தி வைத்ததும் போனை எடுத்தார். பேச்சுக்குத் தடயம் கேட்டால் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. நாக்கைத் தாங்க ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, பழைய மனிதர்களிடம் அது அபூர்வமாகத்தான் கிடைக்கிறது என்று. அக்கா தட்டினார்.

"குரல்வளையோட அந்த எலும்பையும் எடுத்துட்டாங்களாம். டாக்டர்கிட்ட கேட்டேன். இனிமே என்னைப் புதைச்சு எவனாச்சும் தோண்டினா, இவ பேசினதே இல்லைன்னு எழுதுவான். உன்னை மாதிரி ஒருத்தன்தான் எழுதுவான்."

படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். இதையும் தட்டினார்.

"உன் முறை பாக்கி இருக்கு. பாவம் பாத்துப் பேசாதே. பாவம் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். என் கட்சி பலமான கட்சி, அதை நோயாளி கட்சியா ஆக்கிடாதே."

திவ்யா அதைப் படித்துவிட்டு, "ஆஸ்பத்திரில கூட எல்லார்கிட்டயும் இதே சண்டைதாங்க" என்றார்.

மின்மயானத்துக்கு அவருடைய தொழில் தோழிகள் வந்திருந்தார்கள். எத்தனையோ படங்களில் சாவு வீட்டுக்கு அழுதவர்கள். அன்று அவர்களில் யாருக்கும் குரல் எழவில்லை. ஒருவர் மட்டும் என்னிடம், "வரமாட்டேங்குது தம்பி, தொண்டை வரைக்கும் வந்து நிக்குது" என்றார். உள்ளே கதவு மூடிக்கொண்டது. தோண்டிப் பார்க்கவும் இனி ஒன்றும் இல்லை. அக்கா பேசினார் என்பதற்கு, அவர் பேச்சைக் கேட்டவர்களைத் தவிர வேறு சான்று கிடையாது. இப்படி எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று அங்கே நின்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.

வெளியே வந்ததும் கணபதி மாமா ஒரு யோசனை சொன்னார். அக்கா ஜெயித்ததாக அறிவித்துத் தலைப்பை மூடிவிடலாம், அதுவே மரியாதை என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன். ஜெயித்தார் என்று அறிவிக்கிற வழக்கமே நம்மிடம் இல்லை, செத்துப்போனதற்காக யாருக்கும் அதைத் தொடங்க வேண்டாம், அவர் கேட்டது வாதம், பரிசு இல்லை என்றேன். மாமா, "சரி, நீயே பேசு. ஆனா ஒழுங்காப் பேசணும்" என்றார்.

ஆகவே, வரும் ஞாயிறு நான் செய்யப்போவது:

1. ஏழு மணிக்கு அக்காவின் பெஞ்சில் உட்காருவேன். நான் பேசுவதற்கு முன் மௌன அஞ்சலி கூடாது என்று சொல்லிவிட்டேன். பேச்சுக்காக வாதாடுகிறவனை மௌனத்தில் தொடங்கச் சொல்வது அநியாயம்.

2. பேச்சுதான் முதலில் என்று வாதாடுவேன். அவருடைய நோயைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

3. எதிரில் அந்தோணி. என் பழைய வாதங்கள் அத்தனையையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரக்கம் காட்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். "உன்னை நாறடிச்சுர்றேன் மச்சி" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

4. "இது என் கட்சிதான்" என்று சொல்ல அக்கா இல்லை. அந்த இடத்துக்குத் திவ்யாவைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார். "அம்மா சொன்னதை மாத்திச் சொன்னீங்கன்னா நடுவுலயே நிறுத்துவேன்" என்றார். நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவேன்.

5. திவ்யா சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்து நின்று, போய் வாருங்கள் அக்கா என்பேன். அதுவரை அதைச் சொல்வதாக இல்லை.