மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லும் பதில்

மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எங்கள் முறை வந்ததும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தாள். மருத்துவர் என்னைப் பற்றிக் கேட்டார். "ரொம்ப அமைதியான புள்ளைங்க. எதுத்துப் பேசாது. வூட்டு வேலை அத்தனையும் பாத்துக்கும்" என்றாள். பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்லும் அதே பதில். காபி டம்ளர் மட்டும்தான் இல்லை.

எனக்கு அப்போது வயது இருபத்தேழு. வீடு தர்மபுரிக்குப் பக்கத்தில் இண்டூரில். தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அது எத்தனையாவது வேலை என்று எண்ணுவதையே விட்டிருந்தேன். மேலாளர் ஒருநாள் முகம் கொடுத்துப் பேசவில்லையென்றால் போதும், அன்று மாலையே நின்றுவிடுவேன். தோழி போனை எடுக்காவிட்டால், அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று முடிவு கட்டித் தெருவே கேட்கக் கத்துவேன். என் போன் சுவரில் பட்டுச் சிதறும். மறுநாள் எழ முடியாமல் கிடப்பேன்.

அந்தக் கிடப்பை மட்டும்தான் அம்மா எல்லா மருத்துவர்களிடமும் சொன்னாள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, உடம்பு பெருத்தது, வேறொன்றும் மாறவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பேசுவதற்கே அலுப்பாக இருந்தது.

இந்த மருத்துவர் விடவில்லை. "நல்ல பொண்ணா கெட்ட பொண்ணான்னு நான் கேக்கலைங்கம்மா. கோவம், பயம், அவசரம் எல்லாருக்கும் இருக்கும். எனக்கும் இருக்கு. இவங்ககிட்ட எந்த அளவு இருக்கு, எப்பருந்து இருக்கு, அதனால என்ன கெடுதுன்னுதான் கேக்கறேன்" என்றார். ஆளுமைக் கோளாறாக (ஒருவரின் குணங்களே அவரையும் கூட இருப்பவர்களையும் வருத்தும் அளவுக்கு இறுகிப்போவது) இருக்கலாம் என்றார். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அது தெரியாதாம். கூடவே இருந்து பார்த்தவர்கள் உண்மையைச் சொன்னால்தான் பிடிபடுமாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. "சொல்லும்மா. இல்லன்னா காலம் பூரா இந்த மாத்திரையத்தான் முழுங்கணும்" என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "கோவம் வந்துட்டா இவ கண்ணைப் பாக்க முடியாதுங்க. பள்ளிக்கூடம் போற காலத்துலருந்தே இப்படித்தான். நான் பயந்துக்கிட்டு பக்கத்து வூட்டுக்குப் போயிருவேன். அடங்குன பொறவுதான் வருவேன்."

அம்மா எழுந்து போவது எனக்குத் தெரியும். என்னைப் பிடிக்காமல்தான் போகிறாள் என்று நினைத்து இன்னும் கத்துவேன். பயந்து போகிறாள் என்று தெரியாது. பெற்றவளே பயப்படும் ஆளா நான்? அழுதேன். அவளும் அழுதாள்.

பிறகு மருத்துவர், உணர்வுகள் சட்டென்று உச்சத்துக்குப் போவது, கைவிடப்படுவோமோ என்ற பயம், யோசிக்காமல் செய்துவிடுவது எல்லாம் என்னிடம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொன்னார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். பேச்சுவழிச் சிகிச்சை (உணர்வை அடையாளம் கண்டு, கைமீறும் முன் தணிக்கப் பழகுவது) வாராவாரம் தொடங்கியது. இதே நிலையில் இருப்பவர்களிடம் மறைக்க விரும்பவில்லை, அது மிகவும் மெதுவானது. பேருந்தில் திரும்பும்போதெல்லாம் இனி வரமாட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். அடுத்த வாரம் மறுபடி போவேன்.

இப்போது கோபம் வரும் முன் காது மடல் சூடாவது தெரிகிறது. அதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. முன்பும் இருந்திருக்கும், நான்தான் பார்த்ததில்லை. அந்த நேரம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பது களை பறிப்பதைவிட அசதியாக இருக்கிறது.

போன வாரம் தோழி இரண்டு நாளாகப் பேசவில்லை. காது சுட்டது. அம்மா கவனித்துவிட்டாள்.

"கோவம் எந்த அளவுல இருக்குது கண்ணு?"

"முக்கால்" என்றேன்.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பூண்டு இருந்த முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள்.