சென்டர் ஃபீல்டில் கேட்ட குரல்

1. பிடித்தால் முடிந்துவிடாது

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு பேஸ்போல் கிளப் எனக்குச் சம்பளம் தந்து விளையாட வைத்தது என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அப்போது அந்த நகரின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கடற்கரையில் யாரோ அடித்த பந்தை வெறுங்கையால் பிடித்ததைக் கிளப் மானேஜர் கண்டுவிட்டார். இலங்கையில், மன்னாரில், எங்கள் தேவாலயப் பங்கு அணிக்குக் கிரிக்கெட் ஆடிய கை அது.

முதல் மேட்சில் வந்த முதல் பந்தையே பாய்ந்து பிடித்தேன். எங்கள் வழக்கப்படி பந்தை ஆகாயத்துக்கு எறிந்து துள்ளினேன். கிரிக்கெட்டில் பிடித்தால் அத்தோடு சரி. பேஸ்போலில் ஆட்டம் நிற்காது; பிடித்த பிறகும் மற்ற ரன்னர்கள் ஓடலாம். மூன்றாவது பேஸில் நின்ற ரன்னர் ஆறுதலாக ஓடிப்போய் ஓட்டம் எடுத்தான்.

"மடையா! பிடிச்ச உடனை எறி! கொண்டாட்டத்தைக் கோயிலிலை போய் வைச்சுக்கொள்!" என்று மானேஜர் கத்தினார்.

2. மச்சான், விடு

வெளிக்களத்தில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடினால், "மீயா", அதாவது என்னுடையது, என்று கத்துபவனுக்கே பந்து. மற்றவன் உடனே விலக வேண்டும். இல்லாவிட்டால் மண்டை உடையும். நான் நடுவே, சென்டர் ஃபீல்டில்; எனக்கு இடப்பக்கம் சால்வோ நிற்பான். நல்ல பெடியன், வாய்தான் ஓயாது.

ஒரு பிற்பகல் சிரோக்கோ காற்று அடித்தது. ஆபிரிக்கப் புழுதியில் வானமே மஞ்சளாகி, மைதானத்துக்கு அப்பால் பிரான்காச்சோப் பகுதி மாடிவீடுகள் மறைந்துபோயின. உயரப் பந்து ஒன்று நேரே என்னிடம் வந்தது. க்ளவ்வை நீட்டினேன். முதுகுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு குரல்.

"மச்சான், விடு! நான் எடுக்கிறன்!"

விலகிவிட்டேன். பந்து புல்லில் விழுந்தது. திரும்பினால் வேலி மட்டும்தான்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்தோனி. மன்னாரில் என்னோடு ஆடியவன். எனக்கு முதலே இத்தாலிக்கு வெளிக்கிட்டு, வள்ளத்தோடு கடலில் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

காற்றுச் சத்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உடுப்பு மாற்றுகிற அறையில் சால்வோ வந்து, அவர்கள் எனக்கு வைத்த இத்தாலியப் பெயரால் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஜுசேப்பே, 'விடு' எண்டால் என்ன? உனக்குப் பின்னாலை ஒருத்தன் கத்தினவன். ஆர் அவன்?"

சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டேன். "ஒருத்தருமில்லை" என்றேன்.

அடுத்த கிழமையும் அதே குரல். மறுபடியும் பந்து விழுந்தது. மானேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா விட்டியெண்டால் நீ வெளியிலை. வேலைக் கடதாசியும் தரமாட்டன்."

அந்தக் கடதாசி இல்லாவிட்டால் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, அதாவது தங்கும் அனுமதியை, புதுப்பிக்க மாட்டார்கள். நாட்டை விட்டே போகவேண்டியதுதான். திரும்பிப்போக எங்கே இடம் இருந்தது? அங்கே சண்டை.

3. என்ரை

சீசனின் கடைசி மேட்ச், கடைசி இன்னிங்ஸ். பாழாய்ப்போன சிரோக்கோ அன்றைக்கும் அடித்தது. நாங்கள் ஓர் ஓட்டம் முன்னாலே; இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் வெற்றி. மூன்றாவது பேஸில் ரன்னர். பந்து என் தலைக்கு மேலே ஏறியது.

"மச்சான், விடு."

இந்த முறை அவன் கத்தவில்லை. காதோடு கதைத்தான். என் பிடரியில் ஈரம் பட்டது.

"இல்லையடா! என்ரை! எனக்கு இது வேணுமடா!" என்று தமிழில் குளறினேன். பந்து கையில் ஏறியது. ரன்னர் ஓடத் தொடங்கிவிட்டான். திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஓட்டம் முடிகிற இடத்தில் நிற்கும் கேட்சருக்கு எறிந்தேன்; அவன் ரன்னரைத் தொட்டுவிட்டான். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். வென்றுவிட்டோம்.

கடதாசி கிடைத்தது. பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. அதற்குப் பிறகு நான்கு சீசன் அதே இடத்தில் நின்றேன். சிரோக்கோ அடித்த நாளெல்லாம் காதைக் கொடுத்தபடி நின்றேன். அவன் வரவேயில்லை.

இப்போது ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கூப்பிட்டவனுக்குப் பந்தை விடுங்கள், அதுதான் சட்டம். ஆனால் கூப்பிடுகிறவனுக்குக் கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். நான் பிடித்தது சரிதான். என்றாலும் செத்தவனோடு மல்லுக்கட்டி அவன் கேட்டதைப் பறித்துக்கொண்டேனே என்று எனக்கு இன்றைக்கும் அழுகை வரும்.