பூட்டனாரைக் கண்டுபிடித்த வழக்கு

முப்பத்தாறு வருஷம் காக்கிச்சட்டை போட்டு, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்ற சுடலையாண்டி, வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதமே காணாமல் போன ஒருவரைத் தேட ஆரம்பித்தார். காணாமல் போனவர் அவருடைய பூட்டனாரின் தகப்பனார்; சுருக்கமாகப் பூட்டனார் என்றே வைத்துக்கொள்வோம். ஆள் காணாமல் போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுடலையாண்டி அதை ஒரு தடையாகவே நினைக்கவில்லை. சர்வீஸில் இருந்தபோது ஏறக்குறைய அதே தாமதத்தில் சில புகார்களை எடுத்துப் பார்த்தவர்தான் அவர்.

வினை சிவகிரியில் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில், ஜமீன் கொடுத்த பட்டயம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து சாம்பார் ஊற்றிச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது சுடலையாண்டிக்கு. சாதம் இறங்கவில்லை. தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே, நமக்கும் ஒருத்தன் இருந்திருப்பான் என்று முடிவு செய்துவிட்டார். மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கேஸ் டைரி என்று எழுதினார்.

இதே சமயத்தில் அவருடைய தம்பி குற்றாலீஸ்வரன் செத்துக்கொண்டிருந்தான். ஐந்தருவிக்கும் மெயின் அருவிக்கும் சீசன் வேன் ஓட்டுகிறவன். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பெண்டாட்டி பேராச்சி தன் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்று நின்றாள். எல்லாம் பொருந்தியது. இன்சூரன்ஸ் கார்டு போக மிச்சச் செலவுக்கு, குற்றாலம் ரோட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாகக் கிடந்த பந்தலடி வயலை விற்பதாகப் பேச்சு. ரிசார்ட் கட்ட ஒரு கொல்லத்துக்காரர் தயாராக இருந்தார். சுடலையாண்டி ஒரு நொடி யோசிக்கவில்லை. "என் பங்கையும் சேத்துத்தாம்லே எழுதுதேன். நீ எந்திரிச்சு வந்தாப் போதும்" என்றார். மனுஷர் தங்கமானவர். அதை யாரும் மறுக்க வேண்டாம்.

பத்திரத்துக்கு நாள் குறித்துவிட்டு, அதற்குள் சென்னைக்கு ஒரு நடை போய்வந்தார். வெள்ளைக்காரன் ஊர் ஊராக விசாரித்து, யார் யாருக்கு என்ன நிலம் எதற்காக மானியம் விடப்பட்டது என்று எழுதி வைத்த இனாம் பதிவேடு அங்கே ஆவணக் காப்பகத்தில் இருந்தது. மூன்று நாள் தும்மினார். நாலாம் நாள் அகப்பட்டார் ஆள். பெயர் சுடலையாண்டி. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற குடும்பத்தில் வேறென்ன பெயர் இருக்கும்? சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு நடந்து போகிற பரதேசிகளுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்க, பாளையக்காரர் கொடுத்த நிலம். தர்மம் நடக்கிறவரை அனுபவிக்கலாம். நடக்கிறதா என்ற கட்டத்தில், நடக்கிறது என்று எழுதியிருந்தது.

சீல் வைத்த நகலோடு நேரே தம்பியின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தார்.

"ஏலே, நம்ம ஆளு எவனாவது தீவட்டிக்கொள்ளைக்காரனா இருப்பானோன்னு பயந்துக்கிட்டே போனேன். தர்மப்பிரபுலே! ஊருக்கே தண்ணி ஊத்திருக்காரு!"

கையில் இரண்டு குழாய் செருகிக் கிடந்த குற்றாலீஸ்வரன் சிரித்தான். "அவரு ஊருக்கே ஊத்துனாரு. எனக்கு ஒரு நாளைக்கு முக்கா லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுங்காவ அண்ணே."

கண்டுபிடித்த பூட்டனாரை நோட்டுக்குள் பூட்டி வைப்பது சுடலையாண்டிக்கு நியாயமாகப் படவில்லை. பந்தல் இருந்த இடத்தில் அரசு ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று மனு எழுதினார். கூடவே இனாம் நகல், தற்போதைய பட்டா, ஐந்து தலைமுறை வம்சாவளி, 'அந்த தர்ம நிலமே எங்கள் அனுபவத்தில் உள்ள இந்த நிலம் என்று உளமார உறுதி கூறுகிறேன்' என்று நோட்டரி முத்திரையுடன் ஒரு வாக்குமூலம். எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியவர். தானே எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பத்திரம் எழுதுகிற எபனேசர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, இந்தத் தாள இப்பம் வெளிய எடுக்காதிய. கிரயம் முடியட்டும். பொறவு கல்லு நடுங்க, கோயிலே கட்டுங்க."

"தப்பு செஞ்சவன்தாம்வே ரெக்கார்டுக்குப் பயப்படணும்" என்றார் சுடலையாண்டி. திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அவருடைய சர்வீஸில் எந்த மனுவும் இவ்வளவு வேகமாக ஓடி அவர் பார்த்ததில்லை. பத்தொன்பதே நாள். குறித்த நாளில் பத்திர ஆபீஸுக்குப் பேராச்சி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். குற்றாலீஸ்வரனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் சர்வே எண்ணைத் தட்டிய பெண், அந்த நிலத்துக்கு மதிப்பு சைபர் என்று காட்டுவதாகச் சொன்னாள். தர்மத்துக்கு விடப்பட்ட சொத்து, தர்மம் நடக்கவில்லை, விசாரணை முடியும்வரை பதிவு கிடையாது. ஆதாரம், மனுதாரரின் சொந்த வாக்குமூலம்.

கொல்லத்துக்காரர் கொடுத்திருந்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"டாக்டர் எனக்கு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாரே அத்தான்" என்றாள் பேராச்சி, சுடலையாண்டியைப் பார்த்து.

சுடலையாண்டி விசாரணை அதிகாரியிடம் ஓடினார். அந்தப் பூட்டனார் எங்கள் ஆள் இல்லை, பெயர் ஒற்றுமையில் ஏமாந்துவிட்டேன் என்று மாற்றிச் சொன்னார். அதிகாரிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும்.

"சரி சார். அப்போ நிலம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

சுடலையாண்டி கேஸ் டைரியைப் புரட்டினார்.

"போன மாசம் ஒண்ணு சொன்னீங்க, இந்த மாசம் ஒண்ணு சொல்லுதீங்க. எத நான் எழுதட்டும்?"

இந்தக் கேள்வியை இதே தொனியில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் சுடலையாண்டி! இதற்குப் பதில் கிடையாது என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

தர்மம் நடக்கவில்லை என்பதுதானே குற்றம்? நடத்திவிடுவோம் என்று கிளம்பினார். பந்தலடி வயல் வரப்பில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, நாலு மண்பானை வைத்து, கையில் சொம்போடு நின்றார். ஆடி மாதம். சாரல் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் துண்டோடு, அருவியில் குளித்த ஈரம் சொட்டச் சொட்டப் போகிறவர்களை மறித்து, "ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கய்யா" என்று கெஞ்சினார். குடிக்கிறவனைப் போட்டோ எடுத்து ஃபைலில் சேர்க்க வேண்டும். பாதிப் பேர் பயந்து ஒதுங்கினார்கள். காரை நிறுத்திய ஒரு மலையாளி, கட்டஞ்சாயா உண்டோ என்று விசாரித்தார். பதினோரு நாளில் இருபத்தாறு போட்டோ தேறியது. இருபத்தேழாவது ஆளுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. குற்றாலீஸ்வரன் மருத்துவமனைக்குப் போகிற வழியில், பாவூர்சத்திரம் தாண்டும்போது மூச்சை விட்டுவிட்டான்.

விசாரணை அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. இருபதாம் தேதி மறுபடி ஒத்திவைத்தார்கள்.

வேனைப் பேராச்சி பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. விசாரிக்க கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்தார். மனைவி பேராச்சி, மகள் ஸ்வாதி என்று எழுதிக்கொண்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சுடலையாண்டி, ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

"நீங்க யாரு?"

"கூடப்பொறந்த அண்ணன்."

"பெண்டாட்டி பிள்ளை இருக்கையில அண்ணன் இதுல வரமாட்டாரு சார். எனக்குச் சாட்சிக்குத்தான் ஆள் வேணும்."

பேராச்சி தலை நிமிரவில்லை. "இவங்களையே போட்டுக்கிடுங்க சார்" என்றாள். "எல்லாத்தையும் பக்கத்துல நின்னு செஞ்சவங்க."

சுடலையாண்டி பேனாவை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.