மழை வந்தால் காதைக் கழற்றுகிறவள்

பல் செய்யும் லேபில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் பையிலிருந்து போன பல்லால்தான் என்று அங்கே மெருகு போடுகிற பெண் சொல்லுவாள். பல் டாக்டர்கள் எடுத்துவைத்த வாய் அளவுகளை லேபுக்குக் கொண்டுவர வேண்டும். லேபில் செய்த, பல்மேல் மாட்டும் கேப்பையும் செட்டுப் பல்லையும் டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதினோரு கிளினிக், ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள், தோளில் குறுக்கே ஒரு பை. ஆறு வருஷமாக இதுதான் அவள் வேலை.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் போகும்போது சும்மா போகவில்லை. இடது காதை முழுதாகவும் வலது காதில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டு போனது. ஏழாம் வகுப்பு வரை டீச்சரின் வாயைப் பார்த்தே காலம் தள்ளினாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் பாடம் அதோடு சரி. பிறகு பள்ளிக்கூடமும் அதோடு சரி.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன். "இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியரை மாத்துன்னுதான் எல்லாருக்கும் சொல்லுவாங்க. உனக்கு என்னத்தைச் சொல்றது?" என்று தலையைச் சொறிந்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் திணறினால் அவள் முழங்காலுக்குள் கரகரத்தது. அடுத்த கியர் கேட்டால் உள்ளங்கால் கூசியது. மூன்றாம் நாள் அவள் தனியாகத் தெருவைச் சுற்றிவிட்டு வந்தாள். "என்னைவிட நல்லா மாத்துறா, கழுதை" என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னதை அவன் உதட்டில் படித்தாள்.

லேப் முதலாளி அவளை வேலைக்கு எடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "காது மிஷின் இல்லாம வண்டியில ஏறக் கூடாது. ஏறினேன்னு தெரிஞ்சா அன்னைக்கே உக்கார்ற வேலைதான்." அவள் தலையாட்டினாள். வெயில் காலத்தில் அந்த வார்த்தையை மீறியதே இல்லை. ஆனால் மழை வந்தால் முதல் திருப்பத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, வலது காதிலிருந்து மிஷினைக் கழற்றி, பெட்டியில் வைத்து மூடிவிடுவாள். இது முதலாளிக்குத் தெரிந்தால் வண்டி வேலை போய்விடும் என்பது ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சில் குத்தும். குத்தினாலும் கழற்றுவாள்.

மழையில் வண்டி ஓட்டுவது சுகம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரெயின்கோட்டுக்கு வெளியே மழை, உள்ளே வேர்வை. எதில் நனைந்தோம் என்றே தெரியாது. ஷூவுக்குள் தண்ணீர் குடிபுகுந்துவிடும். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு சோப்பு மாதிரி வழுக்கும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழியா தரையா என்பது இறங்கிப் பார்த்தவருக்குத்தான் வெளிச்சம். பக்கத்தில் போகிற பஸ் ஒரு வாளி சேற்றுத் தண்ணீரை மடியில் ஊற்றிவிட்டுத் தன் பாட்டுக்குப் போகும்.

இத்தனையும் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியும். காது இல்லாத மழைக்குச் சத்தம் கிடையாது, தொடுதல் மட்டும்தான். தோளில் ஆயிரம் விரல்கள். கால் எலும்பில் இன்ஜினின் சூடு. கண்ணெதிரே விளக்குகள் ரோட்டில் கரைந்து நீளமாக ஓடும். மனிதர்கள் குடைகளோடு மீன்களைப் போல நழுவுவார்கள். எல்லாம் நடக்கும், எதுவும் சத்தம் போடாது. அவள் வண்டி ஓட்டவில்லை, அவளை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றும்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டபோது பையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ஆறாவது கிளினிக்குக்குப் போக வேண்டிய முன்பல் கேப். இன்னொன்றில் மிஷின். மிஷினோடு வந்த பெட்டியின் மூடி உடைந்து பத்து நாளாயிற்று. அதனால் லேபிலிருந்தே ஒரு நீலப் பெட்டியை எடுத்து வைத்திருந்தாள். அதே அளவு, உள்ளே அதே பஞ்சு. கேப் பெட்டியில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கும் என்ற தைரியம். மழை அந்தச் சீட்டை உரித்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

வழக்கமாக ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் மிஷினை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவாள். அன்று மழை அவசரத்தில் அதை மாட்டாமலே, ரெயின்கோட் சொட்டச் சொட்ட, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, நர்ஸ் கையில் பெட்டியைக் கொடுத்தாள். நர்ஸ் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே ஏதோ கேட்டாள். பல்லக்கா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சிரிப்பு சிரித்து, ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு ஆற்றோரமாக நாற்பது நிமிஷப் பாதை. அவள் வாழ்நாளிலேயே அதுபோல ஒரு மழை பார்த்ததில்லை. ஆறும் வானமும் ஒரே சாம்பல் துணியாகிவிட்டன. ரோட்டில் ஆளே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மாடியில் மறந்துபோன சிவப்புப் போர்வை கொடியில் கனத்துத் தொங்கியது. அதைப் பார்த்ததற்கே மனசு நிறைந்துவிட்டது. கை தானாக கிளட்சைப் பிடித்தது, விட்டது. என்ன யோசித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதையும் யோசிக்கவில்லை.

அந்த நாற்பது நிமிஷமும் பைக்குள், பிளாஸ்டிக் உறைக்குள், செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஏழாவது கிளினிக் டாக்டர் பேச்சுப் பிரியர். அதனால் தாழ்வாரத்தில் நின்று தலையைத் துடைத்து, நீலப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சின்மேல் ஒரு முன்பல் உட்கார்ந்து அவளைப் பார்த்தது.

கொஞ்ச நேரம் அவளும் அதைப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்தாள். பதினேழு தவறிய அழைப்புகள். கடைசியில் முதலாளியின் செய்தி: "பெட்டி மாறிப்போச்சு. திரும்பி வா. காது இல்லாம இருக்கே. மெதுவா வா."

தெரிந்துவிட்டது. பெட்டியை மூடி, வண்டியைத் திருப்பினாள்.

திரும்பும்போது அதே ஆறு, அதே மழை, அதே அமைதி. ஆனால் இப்போது முதுகெல்லாம் கண். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் துளிகள், துளிகளுக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது. கையால் துடைத்துப் பார்த்தால், பின்னால் ஒரு பஸ். கிட்டத்தில், மிகக் கிட்டத்தில். ஓரம் ஒதுங்கினாள். பஸ் தாண்டியபோது டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான். உதட்டைப் படித்தாள். நல்ல வார்த்தை ஒன்றுமில்லை. எவ்வளவு நேரமாக ஹாரன் அடித்திருப்பான்? போகும்போது எத்தனை பேர் இப்படி அடித்திருப்பார்கள்? இந்த ஆறு வருஷத்தில்?

ஆறாவது கிளினிக்கில் எல்லாரும் காத்திருந்தார்கள். முதலாளியும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நாற்காலியில் ஒரு டீச்சரம்மா, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வழியனுப்பு விழாவாம், இப்போதே மூன்றரை. டாக்டர் ஸ்டீல் தட்டை நீட்டினார். தட்டில், பற்களுக்கான இடுக்கிகளுக்கு நடுவே அவள் காது மிஷின். மாட்டிக்கொண்டாள். உலகம் கொரகொரவென்று திரும்பி வந்தது.

"உன் காதை என் வாயில மாட்டப் பாத்தாங்கம்மா" என்றார் டீச்சரம்மா, பல் இல்லாத சந்தில் காற்றுப் போக. "நான்தான் வேணாம்னேன். இப்பவே மத்தவங்க பேச்சை நிறையக் கேட்டாச்சு."

நர்ஸ் வாயைப் பொத்திச் சிரித்தாள். பல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள், தரையைப் பார்த்து.

டாக்டர் பல்லைப் பொருத்த ஆரம்பித்ததும் முதலாளி அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மழை கம்பிகளுக்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்தது.

"நனைஞ்சா மிஷின் கெட்டுடும்னுதானே கழட்டினே? முன்னாடியே சொல்லியிருந்தா முகம் மூடுற ஹெல்மெட் வாங்கித் தந்திருப்பேன்ல?"

நல்ல மனுஷன், அவள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தார். 'ஆமாம் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹெல்மெட் வரும், வேலையும் நிலைக்கும். அவள் வாயைத் திறந்தாள். அந்த பஸ்ஸின் மஞ்சள் வெளிச்சம் கண்ணில் வந்து நின்றது.

"இல்ல சார். நான் போட்டிருக்கிற ஹெல்மெட்லயே நனையாது."

"அப்புறம் ஏன்?"

"பிடிக்கும் சார்." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "மழையில சத்தமில்லாம ஓட்டப் பிடிக்கும். ஆறு வருஷமா அப்படித்தான்."

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டினார். "ஆறு வருஷமா நான் ஒரு செவிட்டு வண்டியை ரோட்டுல விட்டிருக்கேன்" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. "பொண்ணே, எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வழி. மழை மாசத்துல உள்ள உக்காந்து மெருகு போடு. இல்லேன்னா காதோட ஓட்டு. தினமும் என் கண்ணு முன்னால மாட்டிக்கிட்டுக் கிளம்பணும். வழியில கழட்ட மாட்டேன்னு நீ சொன்னா நம்புவேன். இன்னைக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சும் சொல்லல, அதனால."

மெருகுச் சக்கரத்தை நினைத்தாள். நாள் முழுக்க ஒரே நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே மழை.

"கழட்ட மாட்டேன் சார்" என்றாள்.

உள்ளேயிருந்து டீச்சரம்மா புதுப் பல்லோடு எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கு?"

"அழகா இருக்கும்மா" என்றாள். நிஜமாகவே அழகாக இருந்தது.

மிச்ச ஐந்து கிளினிக்குக்கும் காதோடு போனாள். மழை தகரத்தில் ஆணி கொட்டுகிற மாதிரி ஹெல்மெட்டில் விழுந்தது. ஹாரன்கள், பிரேக்குகள், எவனோ எவனையோ திட்டுவது, தன் ரெயின்கோட்டே படபடவென்று அடித்துக்கொள்வது. இதற்குள்ளேயா நாம் கனவு கண்டோம் என்றிருந்தது. ஒரு லாரி பின்னால் உறுமியபோது, பார்க்காமலே ஒதுங்கினாள். அதுவும் ஒரு விதத்தில் நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

சாயங்காலம் வீட்டு முற்றத்துக்குள் வண்டியை ஏற்றி, நடு ஸ்டாண்டில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. மிஷினைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மறுபடி வண்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட்டும் இல்லை. மழை தலையில் இறங்கியது. எங்கும் போகாத வண்டி தொடைக்கடியில் மெதுவாக நடுங்கியது.

ஜன்னலில் கணவர் முகம் தெரிந்தது, கையில் கரண்டியோடு. 'பெட்ரோல் என்ன தண்ணியா? பைத்தியமா பிடிச்சிருக்கு?' என்று அவர் உதடு கேட்டது.

அவள் ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.